கடையின் டொமைன் பெயரை உங்கள் கைக்குள் வைத்திருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொழும்பில் நான் பார்க்கும் சிறு வியாபாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, வாங்கிக் கொடுத்தவர் இணையத்தளம் செய்த தம்பிதான். தன் கணக்கில், தன் மின்னஞ்சலில், தன் அட்டையில் வாங்கியிருப்பார்; கடைக்காரர் ஆண்டுதோறும் அவருக்குப் பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருப்பார். பற்றுச்சீட்டில் கடையின் பெயர் இருக்கும், டொமைன் பதிவேட்டில் வேறொருவரின் பெயர் இருக்கும். தகராறு வரும் நாளில் முதலில் பார்க்கப்படுவது பதிவேடுதான்.

இதைச் சரிசெய்யும் படிகள் கடினமானவை அல்ல. ஆனால் சரியான படிகளைத் தவறான வரிசையில் செய்து இரண்டு மாதம் மாட்டிக்கொண்டவர்களையும், அன்றே மின்னஞ்சலை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முதல் ஒன்பது படிகள் டொட் கொம், டொட் நெட் போன்ற பொதுப் பெயர்களுக்கானவை. டொட் எல்கே பற்றி இறுதியில் தனியாகச் சொல்கிறேன்.

1. மூன்று பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

டொமைன் விற்கும் நிறுவனத்தை ரெஜிஸ்ட்ரார் என்பார்கள். இங்கே பதிவு நிறுவனம் என்று எழுதுகிறேன். டொமைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ரெஜிஸ்ட்ரன்ட், அதாவது பதிவு உரிமையாளர். திரையில் இரண்டும் அடுத்தடுத்து, ஒன்றுபோலவே தெரிவதால் புதியவர்கள் பதிவு நிறுவனத்தின் பெயரைப் பார்த்துவிட்டு அதைத் தங்கள் பெயர் இருக்கும் இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது ரெஜிஸ்ட்ரி. டொட் கொம் முழுவதற்கும் மூலப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் நிறுவனம். அதனுடன் உங்களுக்கு நேரடி வேலை ஏதும் வராது.

ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகள் கிடக்கும் இடம். அதற்கும் டொமைனுக்கும் ஒரே ரசீது வந்தாலும் அவை வேறு வேறு பொருட்கள். கடைக்கு வாடகை கட்டுகிறோம் என்பதற்காகப் பெயர்ப்பலகையும் கட்டட உரிமையாளருக்குப் போய்விடாது.

2. கையில் இருக்க வேண்டியவை

வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் அல்லது கம்பனிப் பதிவுச் சான்றிதழ், உரிமையாளரின் அடையாள அட்டை, டொமைனுக்கும் இணையத்தளத்துக்கும் இதுவரை பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், இணையத்தளம் செய்தவருடன் நடந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை இப்போதே ஏற்றுமதி செய்து வையுங்கள். பேச்சு முறிந்த பிறகு பழைய செய்திகள் அழிக்கப்படலாம், கைத்தொலைபேசியே மாறிப்போகலாம்.

வெளிநாட்டுக் கட்டணம் செலுத்தக்கூடிய அட்டை ஒன்றும் வேண்டும். பல வங்கிகளின் அட்டைகளில் அந்த வசதி ஆரம்பத்தில் மூடப்பட்டிருக்கும் என்பதால் அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

3. யாரிடமும் பேசுவதற்கு முன் நிலையைப் பாருங்கள்

டொமைன் பெயர்களின் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பின் தளத்தில் ஒரு தேடல் பக்கம் உண்டு. அதில் உங்கள் டொமைனைக் கொடுத்தால் பதிவு நிறுவனத்தின் பெயர், முதலில் பதிந்த நாள், காலாவதியாகும் நாள், இடமாற்றப் பூட்டு (வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி போடுவது) விழுந்திருக்கிறதா என்ற நிலை, நேம்சர்வர்கள் (உங்கள் தளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று இணையத்துக்குச் சொல்லும் கணினிகள்) ஆகியவை வரும். முன்பு ஹூயிஸ் என்ற முறையில் கிடைத்த இதே விவரங்கள், 2025 ஜனவரிக்குப் பிறகு பொதுப் பெயர்களுக்கு ஆர்டாப் என்ற முறையில் தரப்படுகின்றன.

உரிமையாளரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மறைக்கப்பட்டுள்ளது என்ற குறிப்போ, ஓர் அந்தரங்கச் சேவையின் பெயரோ பெரும்பாலும் இருக்கும். அதைக் கண்டு பெயர் திருடப்பட்டுவிட்டது என்று பதற வேண்டாம். 2018 இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு தனிநபர் விவரங்களை வெளியில் காட்டுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. உண்மையான பெயர் கணக்கின் உள்ளே போனால்தான் தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது காலாவதி நாள். அது 60 நாட்களுக்குள் இருந்தால், வேறு எதையும் தொடாமல் முதலில் ஓராண்டுக்குப் புதுப்பித்துவிடுங்கள், அல்லது புதுப்பிக்கச் செய்யுங்கள். கைமாற்ற வேலை நடுவழியில் நிற்கும்போது காலாவதியும் வந்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பக்கத்தைப் படம்பிடித்து, திகதியுடன் கோப்பில் சேருங்கள்.

4. யாருடைய பெயரில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள்

வரையறுக்கப்பட்ட தனியார் கம்பனி என்றால் கம்பனியே சட்டப்படி ஒரு நபர். அப்போது அமைப்பின் பெயருக்கான கட்டத்தில் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, கம்பனியின் பெயரை எழுத வேண்டும். அந்தக் கட்டம் நிரப்பப்பட்டிருந்தால் அந்த அமைப்புதான் உரிமையாளராகக் கொள்ளப்படும். தொடர்பு நபராக எழுதப்பட்ட பணிப்பாளர் நாளை விலகினாலும் டொமைன் அவருடன் போகாது. கட்டத்தை வெறுமையாக விட்டால் தொடர்பு நபரே உரிமையாளராகிவிடுகிறார். கணக்குப்பிள்ளையின் பெயரில் டொமைன் போய்ச் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

தனி உரிமையாளர் நடத்தும் கடைக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டுமே இருந்தால், அந்தப் பெயர் தனியான சட்ட நபர் ஆகாது. ஆகவே தொடர்பு நபரின் கட்டத்தில் முதலாளியின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும். வியாபாரப் பெயரை அமைப்பின் கட்டத்தில் சேர்க்கலாம். கூட்டு வியாபாரத்தில் யார் பெயரில் எழுதுவது என்பதைப் பங்காளிகள் எல்லோரும் கையொப்பமிட்ட ஒரு தாளில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி கடையாக இருந்தால் இன்னும் கட்டாயமாக எழுதிக்கொள்ளுங்கள்.

5. டொமைனுக்கு வெளியே ஒரு மின்னஞ்சல் திறவுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன், ஏனென்றால் என்னுடைய சொந்தத் தவறு இங்கேதான் நடந்தது. உறவினர் ஒருவரின் கடைக்கு டொமைன் பதிந்தபோது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனில் முடியும் முகவரியையே கொடுத்தேன். அட்டை காலாவதியானதால் புதுப்பித்தல் நடக்கவில்லை, டொமைன் நின்றது, டொமைன் நின்றதால் அந்த மின்னஞ்சலும் நின்றது. கணக்கினுள் போகக் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்ற பொத்தானை அழுத்தினால், மீட்பு இணைப்பு வந்து சேராத அதே முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை. பதிவு நிறுவனத்துக்குச் சான்றிதழ்களை அனுப்பி, அவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதி மீட்பதற்குள் பதினொரு நாட்கள் ஓடிவிட்டன.

ஆகவே ஜிமெயில் போன்ற ஒரு பொதுச் சேவையில், டொமைன் வேலைக்கு மட்டும் என்று தனி முகவரி ஒன்றைத் திறவுங்கள். அதைப் பேஸ்புக்குக்கோ, வாடிக்கையாளருக்கோ, விநியோகத்தருக்கோ கொடுக்க வேண்டாம். தெரியாத முகவரியைக் குறிவைப்பது கடினம். குப்பைக் கடிதங்கள் வராததால் உண்மையான எச்சரிக்கையும் கண்ணில் படும். மீட்புத் தொலைபேசி எண் முதலாளியின் பெயரில் பதிந்த சிம்மாக இருக்க வேண்டும். கடைப் பையனின் சிம்மில் இருந்தால் அவன் கட்டாருக்குப் போகும் நாளில் உங்கள் மீட்பு வழியும் கூடவே போய்விடும்.

கடவுச்சொல்லுடன் இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் வைக்காமல் ஒரு செயலியில் வைத்து, அது தரும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, காசோலைப் புத்தகம் இருக்கும் அதே அலுமாரியில் வையுங்கள்.

6. இப்போது வைத்திருப்பவருடன் பேசுங்கள்

முதல் ஐந்து படிகளும் முடியும்வரை இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். பலர் கோபத்தில் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மின்னஞ்சலும், அதை வைத்துப் பதிவு நிறுவனத்தில் திறந்த கணக்கும் தயாராக இல்லாமல், என் டொமைனைத் தந்துவிடு என்று கேட்டால், அவர் தர ஒப்புக்கொண்டாலும் வாங்கிக்கொள்ள உங்களிடம் இடம் இருக்காது. அடுத்த வாரம் அவர் மனம் மாறியிருக்கலாம்.

பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தில் வைத்திருப்பதில்லை. ஐம்பது வாடிக்கையாளர்களின் டொமைன்களை ஒரே கணக்கில் வைத்திருப்பது அவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். அதனால்தான் தன் கடவுச்சொல்லை உங்களிடம் தர அவரால் முடியாது. அதைக் கேட்பதும் தவறு. நீங்கள் கேட்க வேண்டியது, அதே பதிவு நிறுவனத்தில் உங்கள் புதிய மின்னஞ்சலில் நீங்கள் திறந்த கணக்குக்கு டொமைனை மாற்றிவிடச் சொல்வது. இதை நம்மூர் டெவலப்பர்கள் புஷ் பண்ணுவது என்பார்கள். பல நிறுவனங்களில் இதற்குக் கட்டணம் இல்லை, சில நிமிட வேலைதான்.

அவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: "தம்பி, நம்ம கடை டொமைனை என்னுடைய கணக்குக்கு மாற்றிவிடுங்கோ. கணக்கின் மின்னஞ்சல் கீழே இருக்கு. ஹோஸ்டிங் வழமைபோல உங்களிடமே இருக்கட்டும், அதில் மாற்றம் இல்லை." கடைசி வாக்கியம் முக்கியமானது. வருமானம் போய்விடும் என்ற அச்சமே பல இழுத்தடிப்புகளுக்குக் காரணம். கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் முதலில் தீர்த்துவிட்டு, தீர்த்ததற்குப் பற்றுச்சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. இடமாற்றம் முதலில், பெயர் மாற்றம் பிறகு

சிலருக்குப் பதிவு நிறுவனத்தையே மாற்ற வேண்டியிருக்கும். உதாரணமாக, இப்போதைய நிறுவனம் இலங்கை அட்டைகளை ஏற்காமல் இருக்கலாம். 60 நாள் பூட்டு வருவது இங்கேதான். டொமைனைப் புதிதாகப் பதிந்தாலும், ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் 60 நாட்களுக்குப் பெரும்பாலும் மீண்டும் இடம் மாற்ற முடியாது. உரிமையாளரின் பெயர், அமைப்பு, மின்னஞ்சல் ஆகியவற்றில் ஒன்றை மாற்றினாலும் அதே 60 நாள் பூட்டு விழக்கூடும். சில நிறுவனங்கள் மாற்றத்துக்கு முன்பே அதை விலக்கும் தெரிவைத் தரும். மாற்றிய பிறகு கேட்டால் பயன் இல்லை.

ஆகவே, வைத்திருப்பவர் ஒத்துழைக்கிறார் என்றால், முதலில் டொமைனை உங்கள் கணக்குள்ள புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள். அங்கே வந்து சேர்ந்த பிறகு உரிமையாளர் விவரங்களைத் திருத்துங்கள். அவர் எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம் என்று தோன்றினால் வரிசை தலைகீழாகும்: இருக்கும் நிறுவனத்திலேயே புஷ் செய்து வாங்கி, உடனே பெயரை மாற்றிவிட்டு, 60 நாட்களைப் பொறுமையாகக் கழியுங்கள். அந்தப் பூட்டு அப்போது உங்களையே காக்கும்.

நிறுவனம் மாற்றுவதற்கு, கணக்கில் உள்ள இடமாற்றப் பூட்டைத் திறந்து (இது அந்த 60 நாள் பூட்டு அல்ல), ஓத் கோட் எனப்படும் அனுமதிக் குறியீட்டை வாங்கிப் புதிய இடத்தில் கொடுக்க வேண்டும். கணக்கிலேயே அதை எடுக்க வசதி இல்லாவிட்டால், உரிமையாளர் கேட்ட ஐந்து நாட்களுக்குள் பதிவு நிறுவனம் அதைத் தர வேண்டும் என்பது விதி. கோரிக்கை போன பிறகு பழைய நிறுவனம் ஐந்து நாட்களுக்குள் மறுக்காவிட்டால் மாற்றம் தானாக நிறைவேறும். மாற்றக் கட்டணத்துடன் ஓராண்டு காலமும் சேரும்; ஆனால் மொத்தக் காலம் பத்து ஆண்டுகளைத் தாண்ட முடியாது.

பெயரை மாற்றியதும் புதிய மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்பு இணைப்பு வரும். அதை 15 நாட்களுக்குள் அழுத்தாவிட்டால் டொமைன் நிறுத்தப்படலாம். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

8. மாற்றுவதற்கு முன் டிஎன்எஸ் பதிவுகளைப் பிரதி எடுங்கள்

டிஎன்எஸ் பதிவுகள் என்பவை உங்கள் பெயரைத் தளத்துடனும் மின்னஞ்சலுடனும் இணைக்கும் வரிகள்; அவை நேம்சர்வர்களில் இருக்கும். நிறுவனத்தை மாற்றினாலும் நேம்சர்வர்கள் பொதுவாக அப்படியே இருக்கும். அந்த நேம்சர்வர்கள் பழைய பதிவு நிறுவனத்துக்கே சொந்தமானவையாக இருந்தால்தான் சிக்கல்: டொமைன் போன சில நாட்களில் அவர்கள் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம். தளம் திறக்காவிட்டால் உடனே தெரியும். மின்னஞ்சல் நின்றால் தெரியாது. வாடிக்கையாளர் அனுப்பிய கொள்வனவுக் கட்டளைகள் வராமலே போய்க்கொண்டிருக்கும், கடைக்காரரோ வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

டிஎன்எஸ் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஏ, சிநேம் (தளம் இருக்கும் இடம் போன்றவை), எம்எக்ஸ் (மின்னஞ்சல் வந்து சேரும் இடம்), டிஎக்ஸ்டி (அனுப்பும் மின்னஞ்சலை உறுதிசெய்யும் வரிகள் முதலானவை). புதியவர்கள் எம்எக்ஸ் வரியைக்கூடப் பிரதி எடுத்துவிடுகிறார்கள்; விட்டுவிடுவது நீண்ட டிஎக்ஸ்டி வரிகளைத்தான். அவை இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் விலைமனுக்கள் மறுமுனையில் ஸ்பாமில் விழும். அவற்றைக் கையால் தட்டச்சு செய்யாமல் வெட்டி ஒட்டுங்கள், பக்கத்தைப் படமும் எடுங்கள். டிஎன்எஸ் பதிவுகள் போலியானவை அல்ல என்று மின்சாவியால் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் இயக்கத்தில் இருந்தால், டிஎன்எஸ் சேவையை மாற்றுவதற்கு முன் அதை நிறுத்த வேண்டும். பழைய சாவிக்கும் புதிய சேவைக்கும் பொருந்தாமல் போனால் தளம் பலருக்குத் திறக்காது.

இந்த வேலையை வியாழக்கிழமையோ, போயா விடுமுறைக்கு முந்திய நாளோ தொடங்காதீர்கள். திங்கள் காலை சிறந்தது.

9. பூட்டும் புதுப்பித்தலும்

வந்து சேர்ந்ததும் இடமாற்றப் பூட்டைப் போடுங்கள். மூன்றாம் படியில் பார்த்த அதே தேடல் பக்கத்தில், நிலை என்ற இடத்தில் கிளையன்ட் ட்ரான்ஸ்ஃபர் புரோஹிபிட்டட் என்று வந்தால் பூட்டு விழுந்துவிட்டது. கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். ஐந்தாம் படியில் மின்னஞ்சலுக்குப் போட்டது இதற்குப் போதாது.

டொட் கொம் காலாவதியானால் அன்றே போய்விடாது. பதிவு நிறுவனம் அனுமதிக்கும் அளவுக்கு, அதிகபட்சம் 45 நாட்கள் வரை, வழமையான கட்டணத்தில் புதுப்பிக்க முடியும். ஆனால் அந்த நாட்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதற்குள்ளேயே ஏலத்தில் விட்டுவிடுவார்கள். அது கடந்து அழிக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கூடுதல் கட்டணம். அதன்பின் ஐந்து நாட்கள் எவராலும் தொட முடியாது. ஆறாம் நாள் யாரும் வாங்கலாம். நல்ல பெயர்களை அந்த நொடியில் பிடிக்கவென்றே தானியங்கி மென்பொருட்கள் காத்திருக்கின்றன.

காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த ஐந்து நாட்களுக்குள்ளும் அறிவிப்பு அனுப்ப வேண்டியது பதிவு நிறுவனத்தின் கடமை. அது போய்ச் சேரும் முகவரி சரியாக இருக்க வேண்டியது உங்கள் கடமை.

தானியங்கிப் புதுப்பித்தலைப் போடுங்கள், ஆனால் அதை நம்பியிருக்காதீர்கள். அட்டையின் காலம் முடியும், வரையறை குறைக்கப்படும், வங்கியின் ஓடிபி கேட்கும் நேரத்தில் திரைக்கு முன் யாரும் இருக்க மாட்டார்கள். 2022 இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின்போது அட்டைகளின் வெளிநாட்டுக் கட்டணங்கள் மறுக்கப்பட்டதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கையில் பணம் இருக்கும்போது மூன்று, ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவதே நம் நாட்டு நிலைமைக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

தபாலிலோ மின்னஞ்சலிலோ வேறு நிறுவனங்களிடமிருந்து வரும் புதுப்பித்தல் பட்டியல்களுக்குப் பணம் கட்டாதீர்கள். சீனாவில் ஒருவர் உங்கள் பெயரைப் பதியக் கேட்கிறார், உடனே பதில் தாருங்கள் என்று வரும் மின்னஞ்சலும் இதே வகை ஏமாற்றுத்தான்.

10. டொட் எல்கே வைத்திருப்பவர்களுக்கு

டொட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி நிர்வகிக்கிறது; தமிழில் எழுதும் டொட் இலங்கை பெயர்களும் அதனிடமே உள்ளன. நாட்டுப் பெயர்களுக்கு ஐகானின் 60 நாள், 45 நாள், 30 நாள் கணக்குகள் பொருந்தாது. ரெஜிஸ்ட்ரியின் சொந்த விதிகளே செல்லும். ஆகவே டொட் கொம்முக்குச் சொன்ன நாட்களை இங்கே எடுத்துக்கொண்டு, இன்னும் காலம் இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். உரிமையாளர் பெயர், வெளி மின்னஞ்சல், டிஎன்எஸ் பிரதி ஆகிய படிகள் இதற்கும் அப்படியே உரியவை. பதிவேடு உள்நாட்டில் இருப்பதால், ஆவணங்களுடன் நேரடியாக அணுக முடிவது இதன் பெரிய வசதி.

11. தர மறுத்தால்

முதலில், உரிமையாளர் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் பெயர் இருந்து, கணக்கு மட்டும் அவரிடம் இருந்தால் நிலைமை நல்லது. பதிவு நிறுவனத்துக்குச் சான்றிதழ்களுடன் நேரடியாக எழுதுங்கள். கட்டணத் தகராறு ஒன்றை மட்டுமே காரணம் காட்டி, பதிவு நிறுவனம் உரிமையாளருக்கு அனுமதிக் குறியீட்டைத் தர மறுக்கக்கூடாது. இணையத்தளம் செய்தவர் இடைமுகவராக இருந்தால், மூன்றாம் படியில் கண்ட பெயருக்கு, அதாவது அவருக்கு மேலே உள்ள நிறுவனத்துக்கு, எழுத வேண்டும்.

அவருடைய பெயரே இருந்தால் பாதை கடினம். டொட் கொம் போன்ற பொதுப் பெயர்களுக்கு, 1999 முதல் நடைமுறையில் உள்ள யூடிஆர்பி என்ற நடுத்தீர்ப்பு முறை ஒன்று உண்டு. உங்கள் வியாபாரக் குறியை (ட்ரேட்மார்க்கை) ஒத்த பெயர், எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்துடன் பதிந்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் நிரூபிக்க வேண்டும். உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரே நடுவருடன் போனால் ஒன்று முதல் ஐந்து டொமைன்களுக்கு 1500 அமெரிக்க டொலர் கட்டணம். வென்றால் டொமைன் கிடைக்கும், நட்டஈடு கிடைக்காது. உங்கள் சம்மதத்துடன் உங்களுக்காகவே முதலில் பதிந்தவரின் நோக்கம் பதியும்போதே தீயது என்று காட்டுவது எளிதல்ல. ஒப்பந்தத் தகராறுகளைத் தம் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்று நடுவர்கள் பலமுறை விட்டிருக்கிறார்கள். அதனால் இத்தகைய வழக்குக்குப் பணம் கட்டும் முன், இங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடம் இரண்டாம் படியில் சேர்த்த கோப்பைக் காட்டி, எழுத்து மூலமான கோரிக்கைக் கடிதம் ஒன்றை அனுப்புங்கள். பாதித் தகராறுகள் அந்தக் கடிதத்தோடு முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

வியாபாரக் குறியை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தால், மேலே சொன்ன மூன்றில் முதலாவதை நிரூபிக்கச் சான்றிதழ் பெரும் துணையாக இருக்கும். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். வியாபாரப் பெயர்ப் பதிவும் வியாபாரக் குறிப் பதிவும் ஒன்றல்ல. முன்னதை வைத்திருப்பவர்கள் பின்னதும் தங்களிடம் இருப்பதாகவே நினைக்கிறார்கள். விண்ணப்பம் முடியக் காலம் எடுக்கும் என்பதால், டொமைன் கைக்கு வந்த அதே வாரத்தில் அதையும் கொடுத்துவிடுங்கள்.